ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் இரவல்: ரீம்ஸ் பந்தயச் சாலை, ஒரு நிகழ்வு ஆய்வு

பிரான்ஸின் வடகிழக்கில், ரீம்ஸ் நகரத்துக்கு மேற்கே சில கிலோமீட்டர் போனால் டி27 என்று ஒரு கிளைச்சாலை. இரண்டு பக்கமும் வயல். எதிரே டிராக்டர் வந்தால் கொஞ்சம் ஒதுங்கி வழிவிடலாம், அவ்வளவுதான் அகலம். அதில் போய்க்கொண்டே இருக்கும்போது, வயலுக்கு நடுவே எந்தக் காரணமும் இல்லாமல் ஒரு நீளமான வெள்ளைக் கட்டடம் வருகிறது. கீழே வரிசையாகத் திறந்த அறைகள், மேலே பால்கனி, சுவரில் பழைய எஞ்சின் ஆயில் விளம்பரங்கள். சாலைக்கு மறுபக்கம் காங்கிரீட் பார்வையாளர் மேடை. பந்தயக் கார்கள் டயர் மாற்றவும் பெட்ரோல் போடவும் நின்ற பிட்ஸ் அது. வேலி இல்லை, நுழைவுச்சீட்டு இல்லை. காரை அதன் முன்னாலேயே நிறுத்தினோம்.

சித்தப்பா மகன் இறங்கிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதுக்கு முன்னாடியா ஃபான்ஜியோ போனாரு?" என்றான். ஆமாம், அர்ஜென்டினாவின் பெரிய பந்தய ஓட்டுநர் ஃபான்ஜியோ போனது இதே சாலையில்தான், மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேல். நாங்கள் வந்தது 70-ல்.

இந்த ஆய்வு இரண்டு கேள்விகளைப் பற்றியது. 40 ஆண்டுகளுக்கு மேல் ஐரோப்பாவின் மிக வேகமான பந்தயச் சாலைகளில் ஒன்றாக இருந்த இது ஏன் செத்தது? செத்த பிறகும் வாடகைக் காரில் யார் வேண்டுமானாலும் வந்து ஓட்டும்படி எப்படி மிஞ்சியது? இரண்டுக்கும் விடை ஒன்றுதான் என்பது என் எண்ணம்.

முக்கோணம்

முதலில் பெயர். நாம் ரீம்ஸ் என்று எழுதுகிறோம்; அந்த ஊரில் அப்படிக் கேட்டால் யாருக்கும் புரியாது, அவர்கள் சொல்வது 'ரான்ஸ்' மாதிரி ஒலிக்கும். பக்கத்துக் கிராமம் க்யோ. பந்தயத் தடத்தின் முழுப்பெயரில் இரண்டும் சேர்ந்தே வரும்.

1926-ல் இங்கே மார்ன் கிராண்ட் பிரி பந்தயம் தொடங்கியபோது யாரும் தடம் எதையும் கட்டவில்லை. ஏற்கெனவே இருந்த மூன்று பொதுச்சாலைகளைச் சேர்த்து ஒரு முக்கோணமாக எடுத்துக்கொண்டார்கள். பிட்ஸிலிருந்து நேராக க்யோ கிராமத்துக்குள், வீடுகளுக்கு நடுவே ஒரு வலப்பக்கத் திருப்பம், அங்கிருந்து லா கரேன், அங்கே வலப்பக்கம் ஒடித்து நெடுஞ்சாலை, அதன் நீண்ட நேர்ப்பகுதியில் தில்வா வரை, தில்வாவில் மறுபடியும் ஒரு கூரான வலப்பக்கத் திருப்பம், திரும்பினால் பிட்ஸ். சுமார் 7.8 கிலோமீட்டர். 1932-ல் இத்தாலிய ஓட்டுநர் நுவோலாரி ஆல்ஃபா ரோமியோவில் பிரெஞ்சு கிராண்ட் பிரியை வென்றதும், 1951-ல் ஃபஜியோலி தன் 53-ஆம் வயதில் ஃபான்ஜியோவுடன் ஒரே காரைப் பகிர்ந்து வென்றதும் இந்தச் சுற்றில்தான். ஃபார்முலா ஒன் கிராண்ட் பிரி வென்றவர்களில் வயதில் மூத்தவர் இன்றுவரை ஃபஜியோலிதான்.

1952-ல் கிராமத்தைத் தவிர்க்க ஒரு இணைப்புச் சாலை போட்டார்கள். வீட்டு வாசலை உரசிக்கொண்டு கார்கள் போவதைவிட இது பாதுகாப்பு என்று நினைத்திருப்பார்கள். சரிதான். ஆனால் அதோடு வேகத்தைக் குறைத்த திருப்பங்களில் ஒன்றும் போய்விட்டது. பிட்ஸைத் தாண்டியதும் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கலாமா வேண்டாமா என்று யோசிக்க வைக்கும் ஒரு வேகமான வலப்பக்க வளைவு அதன் இடத்துக்கு வந்தது. அப்புறம் நெடுஞ்சாலையைத் தொடும் இடத்தையும் முயிஸோன் என்ற ஊர்ப் பக்கமாகத் தள்ளினார்கள். கடைசி வடிவம் 8.302 கிலோமீட்டர். நீண்ட நேர்ச்சாலைகள், இரண்டு கூரான முனைகள், நடுவே சில வேகமான வளைவுகள். வரைபடத்தில் பார்த்தால் குழந்தை வரைந்த முக்கோணம்.

அந்த வடிவம் பந்தயத்துக்குச் செய்தது

ஓட்டுநரின் திறமைக்கு இங்கே வேலையே இல்லை, எஞ்சின் பெரிதாக இருந்தால் போதும் என்று இந்தத் தடத்தைக் குறை சொன்னவர்கள் உண்டு. பாதி உண்மை. மீதிப் பாதி காற்றில் இருக்கிறது.

250 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் காரின் எஞ்சின் சக்தியில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே செலவாகிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கமாக ஏறும். அதை வெல்லத் தேவையான சக்தி மும்மடிப் பெருக்கமாக ஏறும். முன்னால் போகிறவர் அந்தக் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறார். பின்னால் ஒட்டி வருபவர் ஓசியில் வருகிறார். கொஞ்சம் சக்தியை மிச்சம் பிடித்து, சரியான நேரத்தில் பக்கவாட்டில் விலகினால் முந்திவிடலாம். முந்திய மறுகணமே முந்தப்பட்டவர் ஓசிக்காரர் ஆகிறார். அதனால் கடைசிச் சுற்றில் தில்வா திருப்பத்திலிருந்து முதல் ஆளாக வெளியே வருவது அத்தனை நல்ல செய்தி அல்ல.

1953 ஜூலை 5. 60 சுற்று, இரண்டேமுக்கால் மணி நேரம். மசெராட்டியில் ஃபான்ஜியோ, ஃபெராரியில் 24 வயது மைக் ஹாதார்ன். பந்தயத்தின் பிற்பகுதி முழுக்க இருவரும் பக்கத்தில் பக்கத்தில், ஒரு சுற்றில் இவர், மறு சுற்றில் அவர். ஃபான்ஜியோவின் காரில் முதல் கியர் போய்விட்டது. நேர்ச்சாலையில் அது தெரியாது. ஆனால் தில்வா முனையில் கார் கிட்டத்தட்ட நடக்கும் வேகத்துக்கு வந்து, அங்கிருந்து மறுபடி எழும்ப வேண்டும். ஹாதார்ன் அதைக் கவனித்துவிட்டார். கடைசிச் சுற்றில் அந்த முனையில் முதல் கியர் போட்டுக் கிளம்பினார். வென்றது ஒரு விநாடி வித்தியாசத்தில். நான்காவதாக வந்த அஸ்காரிகூட ஐந்து விநாடிக்குள் இருந்தார். உலகச் சாம்பியன்ஷிப் பந்தயம் ஒன்றை பிரிட்டன்காரர் வென்றது அதுவே முதல்முறை.

ஒரு திருப்பம், ஒரு கியர், அதன் பிறகு நேர்ச்சாலை. திறமைக்கு இடமில்லை என்றவர்கள் இந்தக் கதையைக் கேட்டிருக்க வேண்டும்.

1961 இன்னும் விநோதம். ஃபெராரியின் பெரிய ஆட்கள் மூவரும் ஒருவர் பின் ஒருவராகச் சிக்கலில் மாட்ட, மிஞ்சியது ஜியான்கார்லோ பாகெட்டி. அவருக்கு அது முதல் உலகச் சாம்பியன்ஷிப் பந்தயம். எதிரே போர்ஷேயில் டான் கர்னி. கடைசிச் சுற்றில் தில்வாவிலிருந்து கர்னி முன்னால் வந்தார். பாகெட்டி அவர் முதுகில் ஒட்டிக்கொண்டு வந்து, முடிவுக் கோட்டுக்குச் சில நூறு மீட்டர் முன்பு விலகினார். 0.1 விநாடி. அதற்கப்புறம் அந்தத் தரத்தில் இன்னொரு வெற்றி அவருக்கு வாய்க்கவே இல்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு முறை, அதுவும் முதல் முறையிலேயே!

பிரேக்

இந்தத் தடத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் வேகத்தைப் பற்றியே எழுதுகிறார்கள். எனக்கு இங்கே பிடித்தது பிரேக்கின் கதை.

நெடுஞ்சாலையில் மணிக்கு 270-ல் வந்து தில்வாவில் அநேகமாக நிற்க வேண்டும். 90-ல் வரும் காரை ஒப்பிட்டால் வேகம் மூன்று மடங்கு. ஆனால் காரில் சேர்ந்திருக்கும் ஆற்றல் ஒன்பது மடங்கு. அத்தனையும் வெப்பமாக பிரேக்கில்தான் இறங்க வேண்டும். அந்தக் காலத்து டிரம் பிரேக்கில் வெப்பம் உருளைக்குள்ளேயே அடைபடும். டிரம் சூட்டில் விரியும், உள்ளே இருக்கும் லைனிங் பிடிப்பை இழக்கும், பெடல் ஆழமாகப் போகும். பத்துச் சுற்றுக்கு அப்புறம் ஓட்டுநர் முன்பு மிதித்த இடத்துக்குப் பல மீட்டர் முன்னதாகவே மிதிக்கத் தொடங்குவார்.

1952 ஜூனில் இங்கே நடந்த ஸ்போர்ட்ஸ் கார் பந்தயத்துக்கு ஸ்டர்லிங் மாஸ் ஒரு ஜாகுவார் சி-டைப் கொண்டுவந்தார். நான்கு சக்கரத்திலும் டன்லப் டிஸ்க் பிரேக். டிஸ்க் வெளிக்காற்றில் திறந்து கிடக்கிறது. சூடாகும், ஆனால் வேகமாக ஆறும். விரிந்தாலும் அதை இறுக்கிப் பிடிக்கும் பேட்களை விட்டு விலகிப் போகாது. மாஸ் வென்றார். டிஸ்க் பிரேக் பூட்டிய கார் ஒரு பெரிய பந்தயத்தில் பெற்ற முதல் வெற்றி அதுதான். நீண்ட நேர்ச்சாலை, அதன் முடிவில் கூரான முனை: டிஸ்க் பிரேக்கைச் சோதிக்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடைத்திருக்காது. முக்கோணம் எளிமையானது என்பதாலேயே சோதனையின் முடிவு குழப்பமில்லாமல் தெரிந்தது.

வேகம் மட்டும் ஏறிக்கொண்டே போனது

1954-ல் மெர்சிடிஸ் மூடிய உடலோடு டபிள்யூ196 காரைக் கொண்டுவந்தது. தகுதிச் சுற்றில் ஃபான்ஜியோ சராசரியாக 200 கிலோமீட்டரைத் தொட்டார். பந்தயத்தில் அவரும் கார்ல் கிளிங்கும் முதல் இரண்டு இடம். 1961-ல் விதிகள் மாறி எஞ்சின் ஒன்றரை லிட்டருக்குச் சுருங்கியது. வேகம் குறையும் என்று பார்த்தால், ஃபில் ஹில் 206-ல் சுற்றினார். 1966-ல் மூன்று லிட்டர் வந்ததும் ஃபெராரி ஓட்டுநர் பண்டினியின் தகுதிச் சுற்று 2 நிமிடம் 7.8 விநாடி, அதாவது சராசரி 233.

சராசரி என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டு முனையிலும் கிட்டத்தட்ட நின்று கிளம்பியதையும் சேர்த்துத்தான் 233.

கார் மாறியது. சாலை மாறவில்லை. ஓரத்தில் அதே வயல், அதே பள்ளம், அங்கங்கே வைக்கோல் கட்டு. 1958-ல் ஹாதார்னைத் துரத்திய லூயிஜி முஸ்ஸோ, பிட்ஸ் தாண்டி வரும் அந்த வலப்பக்க வளைவில் சாலையை விட்டு வெளியேறினார். கார் பள்ளத்தில் மோதி உருண்டது. அன்றே இறந்தார். ஃபான்ஜியோவின் கடைசிப் பந்தயமும் அதே நாள்தான்; நான்காவதாக வந்து, காரை நிறுத்திவிட்டு, ஓய்வு பெற்றார். பத்து ஆண்டுகளுக்கு முன்பு இதே ஊரில்தான் அவர் ஐரோப்பாவில் முதன்முதலில் பந்தயக் கார் ஓட்டியிருந்தார்.

1959-ல் வெயில் கொளுத்தியது. தார் இளகிச் சாலை பெயர்ந்தது. முன்னால் போன கார்களின் சக்கரம் எறிந்த கற்கள் பின்னால் வந்தவர்களின் முகத்தையும் ரேடியேட்டரையும் தாக்கின. வார நாட்களில் லாரியும் மாட்டுத் தீவனமும் போவதற்காகப் போட்ட சாலை அது. 1961 வெயிலிலும் இதே கதை.

1966-ல் இங்கே நடந்த கடைசி பிரெஞ்சு கிராண்ட் பிரியில் ஒரு காட்சி. முன்னணியில் போன பண்டினியின் காரில் ஆக்சிலேட்டர் கேபிள் அறுந்துவிட்டது. தடத்தோரம் நிறுத்தி, வைக்கோல் கட்டைக் கட்டியிருந்த கம்பியை உருவி எடுத்து, அதைக் கையால் இழுத்து எஞ்சினை ஓட்டிக்கொண்டு பிட்ஸ் வந்து சேர்ந்தார். வெற்றி ஜாக் பிராபமுக்குப் போனது. தன் பெயரைத் தாங்கிய காரிலேயே உலகச் சாம்பியன்ஷிப் கிராண்ட் பிரி வென்ற முதல் ஆள் அவர். எனக்கு மனதில் நிற்பது பண்டினியின் கம்பிதான். மணிக்கு 230-ல் சுற்றும் காருக்குப் பாதுகாப்பு ஒரு வைக்கோல் கட்டு, உதிரிபாகமும் அதே கட்டு.

ஏன் மூடியது

காரணம் பணம் என்று ஒரு வரியில் சொல்லிவிடுவது வழக்கம். பணம்தான். ஆனால் அது ஏன் இந்த ஊரில் மட்டும் தீராத பிரச்சினையானது என்று பார்க்க வேண்டும்.

பொதுச்சாலைத் தடத்துக்கு ஒவ்வொரு ஆண்டும் புதிதாகச் செலவு. சாலையை மூட வேண்டும், தடுப்பு வைக்க வேண்டும், பந்தயம் முடிந்ததும் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். திங்கட்கிழமை காலை அது மறுபடியும் நெடுஞ்சாலை. நிரந்தரமாக மண்ணை வெட்டி, வெளியேறும் காருக்கு இடம் விட்டு, வேலி போட முடியாது. பக்கத்து நிலம் விவசாயியுடையது. 1967-ல் பிரெஞ்சு கிராண்ட் பிரி லு மான் போனது, 1968-ல் ருவான், அடுத்து கிளெர்மான்-ஃபெரான். 1970-ல் தெற்கே பால் ரிக்கார் தடம் திறந்தது: பந்தயத்துக்காகவே கட்டிய, சுற்றிலும் இடம் விட்ட நிரந்தரத் தடம். மறு ஆண்டே கிராண்ட் பிரி அங்கே. ரீம்ஸில் கார் பந்தயம் 1969-ல் நின்றது, மோட்டார் சைக்கிள் 1972-ல்.

இங்கே ஒரு எதிர்க்கேள்வி வரும். பெல்ஜியத்தின் ஸ்பா தடமும் பொதுச்சாலை முக்கோணம்தான், 14 கிலோமீட்டர். அதைவிட ஆபத்தானதும்கூட. அது எப்படிப் பிழைத்தது? 1979-ல் அதை ஏறக்குறைய 7 கிலோமீட்டராக வெட்டினார்கள். 1983-ல் ஃபார்முலா ஒன் திரும்பி வந்தது. வெட்டிய பிறகும் ஸ்பாவில் மலை இருந்தது, ஓ ரூஜ் ஏற்றம் இருந்தது, வளைவுகள் இருந்தன. ரீம்ஸை வெட்டினால் என்ன மிஞ்சும்? அதன் சிறப்பே நேர்ச்சாலையின் நீளம்தான். நீளத்தைக் குறைத்தால் இரண்டு ஒடிப்பும் ஒரு வயலும்தான் கையில் இருக்கும். நோயும் அதுதான், உயிரும் அதுதான் என்றால் எந்த மருத்துவர் கத்தி எடுப்பார்?

ஆனால் பொதுச்சாலையை இரவல் வாங்கி ஓடிய இதே நிலைதான் அதைக் காப்பாற்றியது. கலிஃபோர்னியாவில் ரிவர்சைடு தடம் தனியார் நிலம். சுற்றிலும் ஊர் வளர்ந்தது, நிலத்தின் விலை ஏறியது, 1989-ல் மூடி அங்கே ஒரு ஷாப்பிங் மால் கட்டினார்கள். அதே மாநிலத்தின் ஒன்டாரியோ தடம் 1970-ல் பெருஞ்செலவில் திறந்து 1980-ல் மூடி இடிபட்டது. இவற்றின் நேர்ச்சாலையில் இன்று காரை ஓட்டிப் பார்க்க வழியே இல்லை. ரீம்ஸில் பந்தயம் போனாலும் விவசாயிக்குச் சாலை வேண்டும், க்யோவிலிருந்து ஊருக்கு வேலைக்குப் போகிறவர்களுக்குச் சாலை வேண்டும். அதனால் தார் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பிட்ஸ் கட்டடம் மட்டும் பல காலம் கவனிப்பாரின்றிக் கிடந்தது. பிறகு தன்னார்வலர் குழு ஒன்று செடிகளை வெட்டி, சுவரைப் பூசி, பழைய எழுத்துகளை மறுபடி வரைந்தது. நாங்கள் பார்த்த வெள்ளை அவர்கள் பூசியது.

ஒன்பதரை நிமிடம்

கடைசிக்கால வடிவத்தை இன்று முழுசாகச் சுற்ற முடியாது. இணைப்புப் பகுதி போய்விட்டது. 1951 வரை ஓடிய பழைய முக்கோணத்தைச் சுற்றலாம். நான் ஓட்ட, தம்பி கைபேசியில் நேரம் எடுத்தான்.

பிட்ஸிலிருந்து கிளம்பியதும் தெரிந்தது, படத்தில் இருப்பதுபோல் இது தட்டையான சாலை இல்லை. லேசாக ஏறி இறங்குகிறது. அந்தச் சின்ன ஏற்ற இறக்கத்தில் 250-ல் போனால் கார் கனம் இழந்து மிதந்திருக்கும் என்று 75-லேயே வயிறு சொன்னது. "அண்ணே, மெதுவா. கேமரா இருக்கும்." பிரான்ஸில் இந்த மாதிரி சாலைக்கு வரம்பு பொதுவாக 80, கிராமத்துக்குள் 50. க்யோவுக்குள் நுழைந்ததும் வீடுகள் நெருங்கி வந்தன. அந்தத் திருப்பத்தில் 1930-களின் கிராண்ட் பிரி கார்கள் ஓடின என்பதை நம்ப எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஒரு அம்மா நாயோடு சாலையைக் கடந்தார், நின்று வழிவிட்டோம். நெடுஞ்சாலையில் ஏறியதும் லாரிகளுக்கு நடுவே போக வேண்டியதாயிற்று. ஒரு லாரியின் பின்னால் கொஞ்சம் நெருங்கியதும் காரின் இரைச்சல் குறைந்தது, காற்று அடங்கியது. "இதுதான்டா அந்த ஓசிக்காற்று" என்றேன். "தெரியுது, தள்ளிப் போங்கண்ணே" என்றான்.

தில்வா முனை அடையாளமே தெரியாமல் மாறிவிட்டது, இப்போது ரவுண்டானா. ஹாதார்ன் முதல் கியர் போட்ட இடம் எது என்று தேடி ஒரு முறை வீணாகச் சுற்றினேன். அதுவும் நேரத்தில் சேர்ந்துவிட்டது. திரும்பி பிட்ஸைத் தாண்டியபோது 9 நிமிடம் 40 விநாடி. 1951-ல் ஃபான்ஜியோவுக்கு இரண்டரை நிமிடம்கூட ஆகவில்லை. தம்பி அதைச் சொல்லிச் சிரித்தான், ஆனால் அவனும் ஒரு சுற்று கேட்டான். அவன் ஓட்டியபோது நான் ஜன்னலை இறக்கி வைத்திருந்தேன். மேடையைத் தாண்டும் ஒரு கணம் மட்டும் எங்கள் எஞ்சின் சத்தம் காங்கிரீட்டில் பட்டுத் திரும்பி வந்தது. அதற்காக அவன் மறுபடியும் திரும்பி, இரண்டாம் கியரில் உறுமவிட்டுத் தாண்டினான். மூன்றாவது முறை நான் கேட்டுக்கொண்டதால் தாண்டினான்.

கடைசியில் பிட்ஸ் முன் நிறுத்தியபோது மாஸின் டிஸ்க் பிரேக் கதையைச் சொன்னேன். அவன் கீழே இறங்கி, குனிந்து சக்கர இடுக்கு வழியாகப் பார்த்தான். முன் சக்கரத்தில் டிஸ்க். பின் சக்கரத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"அண்ணே, இது இன்னும் டிரம்தான்."